துண்டில் எழுதாத நோய்

1

பதுளையிலிருந்து எழுதுகிறேன். "சிலோன் வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள், அங்கே மழை, தேயிலை, யானை எல்லாம் உண்டாமே" என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். மழை உண்டு. தேயிலை உண்டு. யானை பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி மொனராகலைப் பக்கம் போக வேண்டும். எனக்கு அதற்கு நேரம் இல்லை, யானைக்கும் என்னைப் பார்க்கிற அவசியம் இல்லை. ஆகையால் வேறு ஒன்றை எழுதுகிறேன். பிரசுரிப்பதானால் என் பெயரைப் போட வேண்டாம்.

நான் இங்கே ஒரு டாக்டரின் மருந்துச்சாலையில் கம்பவுண்டர். நாற்பத்தெட்டில் வந்தேன். இது அறுபத்தொன்று. வருஷா வருஷம் இந்த நாட்டில் தங்க அனுமதி வாங்கியாக வேண்டும். போன வாரம் அதற்காகத்தான் கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றேன். கச்சேரி என்றால் இங்கே சர்க்கார் அலுவலகம். பாட்டு எதுவும் கிடையாது.

என் முறை வந்ததும் குமாஸ்தா சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அது மருந்துச்சாலைச் சிங்களம். எங்கே வலி, எத்தனை நாளாக, நாக்கை நீட்டு என்பதோடு சரி. அவர் கேட்டதற்கு "ஒவ், ஒவ்" என்று ஆமாம் போட்டேன். பின்னால் நின்றவர் தோளைத் தட்டி, "குடும்பமும் இங்கேதானா என்று கேட்டார், நீங்கள் ஆமாம் என்கிறீர்களே" என்றார். திருத்தச் சொன்னேன். குடும்பம் இங்கே இல்லை என்பதை அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருஷம் விண்ணப்பத்தோடு புதிதாக ஒரு தாள் சேர்த்திருந்தார்கள். கண் பார்வை எப்படி, நெஞ்சில் கோளாறு உண்டா, தொற்றுநோய் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக்கு முந்தைய கேள்வி இது: மனநோய் ஏதும் உண்டா, முன்பு இருந்ததுண்டா? "இல்லை" என்று எழுதினேன். கண்ணைப் பற்றிக் கேட்டபோதுகூடக் கொஞ்சம் யோசித்தவன், இதற்கு ஒரு நொடி யோசிக்கவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான், எவ்வளவு சுத்தமாகப் பொய் எழுதப் பழகிவிட்டேன் என்று தோன்றியது. பழக்கிவிட்டது யார் என்பதும் ஞாபகம் வந்தது.

2

என் ஊர் முசிறிப் பக்கம். படித்து, மருந்து கலக்கக் கற்றுக்கொண்டு, வேலை கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், பதுளையில் கடை வைத்திருந்த உறவுக்காரர் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார். மண்டபம் முகாமில் வைத்து மருந்தடித்து, உடம்பைத் தடவிப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று சான்று கொடுத்துக் கப்பலேற்றினார்கள். மனைவி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு திருச்சி ஜங்ஷனில் நின்றாள். ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அந்த வாக்குறுதியைப் பிறகு வந்த குடியேற்றச் சட்டங்கள் பார்த்துக்கொண்டன.

மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஊர் போய் வருகிறேன். இடையில் ஒரு மகனும் பிறந்தான். அவனுக்கு இப்போது எட்டு வயது. போன தடவை நான் வாசலில் பெட்டியை இறக்கியபோது உள்ளே ஓடி, "அம்மா, சிலோன்காரரு வந்திருக்காரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. மகளிடம் "பாண் வாங்கி வாம்மா" என்றேன். அவள் விழித்தாள். ரொட்டியைத்தான் சொல்கிறேன் என்று விளங்கவைத்தேன். போத்தல், சவுக்காரம் என்று நான் வாயைத் திறந்தாலே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கின்றன. இங்கே வந்தால் என் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்து ஆட்கள் சிரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் சிரிப்புக்குக் குறைவில்லை.

எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு கட்டுத் துண்டுகளில் கையெழுத்தைப் போட்டு என் மேசையில் வைத்துவிடுவார். துண்டு என்றால் உள்ளங்கை அகலக் காகிதம். பெயர், நோய், எத்தனை நாள் ஓய்வு என்று மூன்று இடம் காலியாக இருக்கும். தோட்டங்களிலிருந்து வரும் ஆட்களுக்கு நான்தான் அதை நிரப்பிக் கொடுப்பேன். துண்டு இருந்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்ட மாட்டார்கள், லயம் என்கிற வரிசை வீட்டில் கொடுத்த அறை கையை விட்டுப் போகாது. துண்டு இல்லாமல் படுத்தால் இரண்டும் போகும்.

தோட்டத்து ஆட்களுக்கு நான் எழுதியது மொத்தம் நாலு நோய்தான்: காய்ச்சல், இருமல், வயிற்றுவலி, வெட்டுக்காயம். வேறு நோய் அவர்களுக்கு வந்ததில்லை என்று அர்த்தமில்லை. வேறு எழுதி யாருக்கும் பழக்கமில்லை, அவ்வளவுதான். டவுனிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு டாக்டரே உட்கார்ந்து, முழுத்தாளில் கடிதம் எழுதுவார்.

3

அப்படி ஒரு கடிதத்தை நான் டைப் அடித்தேன். பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் மனைவிக்காக. அந்த அம்மாவின் பெயர் வேண்டாம். பிள்ளைகள் இன்றைக்குப் பெரிய இடங்களில் இருக்கிறார்கள். பிள்ளைகள் மூவரும் கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்தார்கள், கணவர் எப்போதும் சுற்றுப்பயணத்தில். ஆறு அறை கொண்ட வீட்டில் அந்த அம்மாவும் சமையல்காரியும்தான். நான் டானிக் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் கதவைத் திறந்தவர் போத்தலை வாங்காமல் அப்படியே நின்றார்.

"தம்பி, உடம்புக்கு ஒண்டுமில்லை. ஆனா எழும்பேலாமக் கிடக்கு. விடியக் குசினியிலை சமையல்காரியின்ரை சத்தம் கேக்குது, எனக்குக் கால் வருகுதில்லை. இதை டொக்டரிட்டைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. நீர் சொல்லும்."

நான் சொன்னேன். டாக்டர் உடனே போய்ப் பார்த்து வந்தார். அவர் சொல்லச் சொல்லக் கடிதத்தை நான் அடித்தேன். நரம்புத் தளர்ச்சி, மனச்சோர்வு, மூன்று மாதம் பூரண ஓய்வு, இடமாற்றம் அவசியம் என்று நாலு வரி ஆங்கிலத்தில். அந்த அம்மா பண்டாரவளையில் ஒரு பங்களாவுக்குப் போனார். சமையல்காரி கூடப் போனாள். தங்கை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து துணை இருந்தார். பிள்ளைகள் விடுமுறைக்கு அங்கேயே போனார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து, மருந்துச்சாலைக்கு நேரிலேயே வந்து ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தார். முகத்தில் களை வந்திருந்தது. நானும் சந்தோஷப்பட்டேன், இன்றைக்கும் அதில் எனக்குக் குறையில்லை. துக்கம் எந்த வீட்டுக்குள் வந்தாலும் துக்கம்தான்.

என் முட்டாள்தனம் வேறு இடத்தில் இருந்தது. அந்த அம்மாவைத் தேற்றியது கடிதத்தில் இருந்த அந்த நாலு வரி என்று நம்பிவிட்டேன். பங்களா, தங்கை, சமையல்காரி எதுவும் என் கணக்கில் வரவில்லை.

இதை நம்புவதற்கு என் ஊரும் ஒரு காரணம். முசிறிக்காரர்களுக்குக் குணசீலம் கோயில் தெரியும். புத்தி கலங்கியவர்களைக் கொண்டுவந்து ஒரு மண்டலம் அங்கே வைத்திருப்பார்கள். வசதியுள்ளவர்கள் தெருவில் வீடு பிடித்து ஆளோடு தங்குவார்கள், இல்லாதவர்கள் மண்டபத்தில் கிடப்பார்கள். ஆனால் உச்சிவேளையில் தீர்த்தம் தெளிக்கிறபோது எல்லாரும் ஒரே வரிசை. மிராசுதார் முகத்திலும் அதே தண்ணீர், பண்ணையாள் முகத்திலும் அதே தண்ணீர். சின்ன வயதில் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். மருந்து என்பது அந்தத் தண்ணீரைப் போல என்று என் மனதில் பதிந்திருந்தது போலும்.

4

அடுத்த வருஷம் அங்கம்மா வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். புருஷன் பழனியாண்டி அவளைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். அவன் இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. டாக்டர் அன்று ஒரு நோயாளியைப் பார்க்க லுணுகலைக்குப் போயிருந்தார்.

"என்ன செய்யுதும்மா?" என்றேன்.

"ஒடம்புல ஒண்ணுமில்லீங்க. ஆனா எந்திரிக்க முடியலீங்க. பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறது காதுல விழுகுது. காலு வரமாட்டேங்குதுங்க."

 காலையில் தப்பு என்கிற பறையை அடித்து, வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் வாசிப்பதைத்தான் பெரட்டு என்பார்கள். அந்தத் தப்புச் சத்தத்தைத் தவிர, உத்தியோகத்தர் வீட்டு அம்மா சொன்னதற்கும் இவள் சொன்னதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பழனியாண்டிதான் மீதியைச் சொன்னான். அவளுடைய அப்பா, அம்மா, தம்பிமார் எல்லாரும் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு, கிடையாது என்று பதில் வந்து, இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். இவள் கட்டிக்கொடுத்தவள் என்பதால் இங்கேயே தங்கினாள். அவர்களை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு பதினைந்து நாள் ஒழுங்காகத்தான் வேலைக்குப் போனாளாம். அப்புறம்தான் இப்படி.

"எந்த ஊருக்குப் போனாங்க?" என்று கேட்டேன்.

"தொறையூருக்குப் பக்கத்துலன்னு சொன்னாங்க. நான் பாத்ததில்லீங்க, இங்கதான் பொறந்தேன்," என்றாள் அங்கம்மா. "ஐயாவுக்கு அந்தப் பக்கந்தானாம்ல? அங்கல்லாம் மழ பேயுமாங்க?"

துறையூர் என் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. மழையைப் பற்றி அந்தப் பக்கத்து ஆளிடம் கேட்டால் மேலே பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவான். "நல்லாப் பேயும்மா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கண் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

துண்டை எடுத்தேன். டாக்டரின் கையெழுத்து அடியில் தயாராக இருந்தது. வழக்கப்படி காய்ச்சல் என்று எழுதியிருக்க வேண்டும், மூன்று நாள் என்று போட்டிருக்க வேண்டும். இந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் மூன்று நாள், அந்த அம்மாவுக்கு எழுதியதை இவளுக்கும் எழுதினால் என்ன என்று எனக்குள் ஒரு வீராப்பு வந்தது. கோப்பைத் திறந்து, நான் டைப் அடித்த கடிதத்தின் நகலை எடுத்து, எழுத்துப் பிசகாமல் அதே ஆங்கில வார்த்தைகளைத் துண்டில் இறக்கினேன். மூன்று மாதம் என்று போடத் துணிவு வரவில்லை, மூன்று வாரம் என்று போட்டேன். டானிக்கும் அதே டானிக்தான் கொடுத்தேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

5

பழனியாண்டி அதைக் கொண்டுபோய்த் தோட்டத்து ஆபீசில் கொடுத்தான். கிளாக்கர் வாசித்துவிட்டு எழுந்து போய்த் துரையிடம் காட்டினார். துரை ஒன்றும் கொடுமைக்காரர் இல்லை. புத்தி சரியில்லாத ஆளை லயத்தில் பத்துக் குடும்பத்துக்கு நடுவில் வைத்திருக்கக்கூடாது, ஏதாவது நடந்தால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்தார். மூன்றாம் நாள் தோட்டத்து லொறி லயத்து வாசலில் வந்து நின்றது. அவளை ஏற்றிக்கொண்டு போய், நீதவான் முன் நிறுத்தி, வேறு ஒரு வைத்தியரிடம் தாள் வாங்கி, கொழும்புப் பக்கத்திலுள்ள பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் ஒன்றும் பேசவில்லையாம். பேசாததையே நோய்க்குச் சாட்சியாக எழுதிக்கொண்டார்களாம்.

இதை ஒரு வாரம் கழித்துப் பழனியாண்டி வந்து சொன்னான். இடுப்பில் குழந்தை இல்லை. பகலெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டிருந்தான். என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதுனீங்க, தெரியுங்க. படிச்சவங்க நீங்க ஒரு எட்டு என்கூட வந்து, அவளுக்கு ஒண்ணுமில்லன்னு அங்க சொன்னீங்கன்னா விட்டுருவாங்க."

இரண்டு பேரும் கொழும்புக்கு ரயிலேறினோம். அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறேன். ஒரு பக்கம் தனி அறைகள் இருந்தன. ஜன்னலுக்குத் திரை, உள்ளே கட்டில், வெளியே வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியர். பணம் கட்டுகிறவர்கள் பகுதி என்று காவலாளி சொன்னார். மறு பக்கம் நீளமான கூடம், தரையில் பாய்கள். அங்கம்மா அந்தக் கூடத்திலிருந்து வந்தாள். எல்லாருக்கும் ஒரே சட்டை. தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள்.

"பாப்பா சோறு திங்குதா?" என்று புருஷனிடம் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "இங்க மணி அடிக்கிறாங்க ஐயா. அடிச்சா எந்திரிச்சிடுறேன். இதுவும் ஒரு பெரட்டு மாதிரித்தான்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அவள் அம்மாவிடமிருந்து காகிதம் வந்ததா என்று மூன்று முறை கேட்டாள்.

அங்கிருந்த டாக்டர் தன்மையாகவே பேசினார். பெண் தேறி வருகிறாள், சீக்கிரம் அனுப்பிவிடலாம், ஆனால் பொறுப்பு ஏற்க இடம் வேண்டும், அவளுக்குத் தோட்டத்தில் அறையும் வேலையும் உண்டு என்று ஒரு கடிதம் வந்தால் போதும் என்றார். திரும்பி வந்து தோட்டத்து ஆபீசில் கேட்டோம். அவள் பெயர் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. பெயரில்லாத ஆளுக்குக் கடிதம் எப்படிக் கொடுப்பது என்றார் கிளாக்கர்.

ஒவ்வொரு மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெமோதரைக்கு நடந்து போய்க் கிளாக்கர் வீட்டு வாசலில் நின்றேன். சிலசமயம் தேத்தண்ணீர் கொடுப்பார், கடிதம் கொடுக்க மாட்டார். பதினொரு மாதம் இப்படிப் போயிற்று. என்னால் ஆனதை எல்லாம் செய்கிறேன் என்று பழனியாண்டியிடம் சொன்னேன். என் மனதிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

இனி எழுதப்போவதற்காகத்தான் பெயர் வேண்டாம் என்றேன். என்னால் ஆனதை எல்லாம் நான் செய்யவில்லை. எங்கள் டாக்டரிடம் நான் வாயே திறக்கவில்லை. அவர் கையெழுத்துக்கு மேலே அவர் பார்க்காத நோயை நான் எழுதியிருந்தேன். தெரிந்தால் வேலையை விட்டு அனுப்புவார். வேலை போனால் அனுமதி போகும், ஏனென்றால் வருஷா வருஷம் அவர் தரும் கடிதத்தை வைத்துத்தான் எனக்கு அனுமதி கிடைக்கிறது. அனுமதி போனால் அடுத்த கப்பல். ஊரில் மனைவி என்ன செய்வாள், மகள் படிப்பு என்ன ஆகும் என்றெல்லாம் நியாயம் அடுக்கிக்கொண்டேன். நியாயங்கள் எல்லாம் சரிதான். அந்த நியாயங்களை நான் அடுக்கிக்கொண்டிருந்த பதினொரு மாதமும் அவள் பாயில் கிடந்தாள், அவள் குழந்தை ஆயாவை அம்மா என்று கூப்பிடப் பழகியது.

6

கடைசியில் அதுதான் என்னை உதைத்துத் தள்ளியது. பழனியாண்டி ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பாப்பா இப்ப ஆயாவத்தாங்க அம்மாங்குது. அழுவுறதில்ல, சவுரியந்தான்." எனக்கு என் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. அப்போது என் மகன் கைக்குழந்தை. என்னைப் பார்த்தால் வீரிட்டு அழுவான், அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு.

மறுநாள் காலையில், துண்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"என்ரை கையெழுத்துக்கு மேலையோ எழுதினனீர்?"

"ஆமாங்க டாக்டர். அந்தம்மாவுக்கு எழுதின அதே வார்த்தைதான். ஒரு எழுத்துகூட மாத்தல."

"அதுதான் பிழை." அவர் சத்தம் போடவில்லை. "அந்த மனிசியின்ரை கடிதத்தை வாசிச்சது அவவின்ரை புருசன். இந்தப் பிள்ளையின்ரை துண்டை வாசிச்சது கிளாக்கர். ஒரே வருத்தம் எண்டு உமக்கும் எனக்கும் தெரியும். வாசிக்கிறவைக்குத் தெரியுமோ? காய்ச்சல் எண்டு எழுதிப்போட்டு மூண்டு கிழமை குடுத்திருந்தால் இப்ப அந்தப் பிள்ளை வீட்டிலை."

கையெழுத்துப் போட்ட துண்டுகளை ஒன்றாக அடுக்கி வைத்தார்.

"ஒரு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"பயந்துட்டேன் டாக்டர்."

"ம்" என்றார்.  வேலையை விட்டு அனுப்பவில்லை. அன்று மாலை அவர் கிளப்பில் துரையைப் பார்த்துப் பேசினார். இரண்டு நாளில் கடிதம் வந்துவிட்டது. நான் பதினொரு மாதம் நடந்து முடியாதது டென்னிஸ் ஆடிவிட்டு உட்கார்ந்த நேரத்தில் முடிந்தது. நான் முதல் வாரமே வாயைத் திறந்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும். இதை நான் ஆறேழு வருஷமாகத் தினமும் நினைக்கிறேன் என்று சொன்னால் மிகை இல்லை.

அங்கம்மா வந்தாள். குழந்தை அவளைப் பார்த்து ஆயாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்ததாகப் பழனியாண்டி சொன்னான். பழகப் பல மாதம் பிடித்தது.

வந்த அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவள் தனியாக மருந்துச்சாலைக்கு வந்தாள். மற்றவர்கள் எல்லாம் போகும்வரை பெஞ்சில் காத்திருந்து, மேசையருகே வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"மறுபடியும் அப்பிடித்தாங்க இருக்கு. எந்திரிக்க முடியல. ஒரு வாரத்துக்குத் துண்டு எழுதித் தாங்க ஐயா. வயித்துவலின்னு எழுதுங்க."

 வயிற்றுவலி என்று எழுதினேன். ஏழு நாள் என்று போட்டேன். அவள் வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த ஏழு நாளும் அவள் லயத்திலேயே படுத்துக் கிடந்து, எட்டாம் நாள் கூடையை மாட்டிக்கொண்டு போனாளாம். அதிலிருந்து வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அவளுக்கு வயிற்றுவலி வரும். டாக்டருக்கும் தெரியும். பதிவேட்டைப் பார்ப்பார், பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

7

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். நிறையத் தள்ளிப்போட்டாயிற்று.

உறவுக்காரரின் கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறேன். காலையில் ரயில் ஊதுகிற சத்தத்துக்கு விழிப்பு வரும். முன்பெல்லாம் உடனே எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். இந்த வருஷம் பிறந்ததிலிருந்து அப்படி முடியவில்லை. விழித்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். வேலைக்கு நேரமாவது தெரிகிறது. முத்தியங்கனை விகாரையில் மணி கேட்கிறது, கீழே கடைப்பலகை திறக்கிற சத்தம் கேட்கிறது. சமையல் செய்வதை நிறுத்திவிட்டேன். பாணும் வாழைப்பழமும் போதுமாக இருக்கிறது. ஒரு நாள் மருந்துச்சாலையில் போத்தலைக் கழுவிக்கொண்டே காரணமில்லாமல் அழுதேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

ஊருக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். "நான் இங்கு க்ஷேமம்" என்றுதான் ஆரம்பிக்கிறேன். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். "உங்களுக்கு எப்போது தோதுப்படும் என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. தாசில்தாருக்கு எழுதுகிற மரியாதையும் இருக்கிறது. மூன்று நாளாகப் பதில் எழுத உட்காருகிறேன், க்ஷேமத்துக்கு மேல் ஒரு வரி நகரவில்லை.

நேற்று அங்கம்மா வந்தாள். கூட அவள் மகள், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது, அம்மா கையை விடவேயில்லை. வந்தது மகளின் இருமலுக்கு. மருந்தைக் கலந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவள் போகவில்லை. நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயாவுக்கு என்ன செய்யுது?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பதின்மூன்று வருஷத்தில் இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்க வேண்டியவன் நான், சொல்ல வேண்டியவர்கள் மற்றவர்கள் என்றே இருந்தது.

"ஒடம்புல ஒண்ணுமில்ல அங்கம்மா," என்றேன். "ஆனா காலைல எந்திரிக்க முடியல."

அவள் ஆச்சரியப்படவில்லை. மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, மேசையில் இருந்த துண்டுக் கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் ஒண்ணு எழுதிக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வாங்க. பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சியப் பாத்துட்டு வாங்க." படியிறங்கப் போனவள் திரும்பி நின்று, குரலைத் தணித்துக்கொண்டாள். "வயித்துவலின்னே எழுதுங்க ஐயா. வேற எதயும் எழுதிப்புடாதீங்க."

அவள் போன பிறகு ஒரு துண்டை உருவினேன். டாக்டரின் கையெழுத்து அடியில் இருந்தது. பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். நோய் என்ற இடத்தில் அவள் சொன்னதையே எழுதினேன். எத்தனை நாள் என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது. இதை எழுதுகிறபோது துண்டு பக்கத்தில்தான் கிடக்கிறது.